வயிற்றை வெட்டிக் குறைக்கலாமா?

பெண்களுக்கான மார்க்க வகுப்பு முடிந்ததும் ஒரு சகோதரி என் மனைவியைத் தனியே அழைத்து ஒரு கேள்வியைச் சொல்லி அனுப்பினார். "தாத்தா, இதை ஹஸரத்திடம் கேட்டுச் சொல்லுங்க. என்ட பெயரை மட்டும் சொல்லிடாதீங்க" என்பது அவரது வேண்டுகோள்.

அவர் மூன்று பிள்ளைகளின் தாய். கடைசிப் பிள்ளைக்கு இரண்டு வயது. மூன்று பிரசவங்களுக்குப் பின் வயிறு தொங்கிவிட்டது. உயரம் 155 சென்றிமீற்றர், நிறை 78 கிலோ. கல்யாண வீடுகளில் பெண்கள் "இது எத்தனையாவது மாதம்?" என்று கேட்கிறார்களாம். கணவரும் விளையாட்டாக ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கிறார். வயிற்றுத் தோலையும் கொழுப்பையும் வெட்டி அகற்றும் சத்திரசிகிச்சையைப் பற்றி யாரோ சொல்ல, காப்புகளை விற்றாவது அதைச் செய்துகொள்ள எண்ணுகிறார். கேள்வி ஒன்றுதான்: இது ஹராமா, ஹலாலா?

ஒரே சொல்லில் பதில் அனுப்பியிருக்கலாம். ஆனால் விடயத்தின் தன்மையை அறியாமல் சட்டம் சொல்வது முறையல்ல. எனவே முதலில் எனக்குப் பழக்கமான ஒரு டொக்டரிடம் விளக்கம் கேட்டேன்.

இச்சிகிச்சை என்ன செய்கிறது?

அடிவயிற்றில் ஓர் இடுப்பெலும்பிலிருந்து மறு இடுப்பெலும்பு வரை வெட்டுகிறார்கள். தோலை மேலே உயர்த்தி, கர்ப்ப காலத்தில் விலகிப்போன வயிற்றுத் தசைகளை இழுத்துத் தைக்கிறார்கள். மிதமிஞ்சிய தோலையும் அதனோடு ஒட்டிய கொழுப்பையும் அகற்றுகிறார்கள். நீண்ட தழும்பு ஒன்று ஆயுள் முழுவதும் இருக்கும்.

சகோதரிகள் முக்கியமாக விளங்கிக்கொள்ள வேண்டியது, இது நிறை குறைக்கும் சிகிச்சை அல்ல என்பதே. வயிற்றில் கொழுப்பு இரண்டு இடங்களில் சேர்கிறது. ஒன்று தோலுக்குக் கீழே. மற்றது உள்ளே குடலையும் ஈரலையும் சுற்றி. சீனி வருத்தத்துக்கும் மாரடைப்புக்கும் அதிகம் வழிகோலுவது உள்ளே இருக்கும் கொழுப்பு. அதைக் கத்தி தொடுவதில்லை. 2004 இல் அமெரிக்காவில், உடற்பருமன் உள்ள 15 பெண்களின் வயிற்றுத் தோலின் கீழிருந்த கொழுப்பை உறிஞ்சி எடுத்து ஆராய்ந்தார்கள். கிலோக் கணக்கில் கொழுப்பு போயும், 10 முதல் 12 வாரங்களின் பின் அவர்களது இரத்த அழுத்தமோ சீனியோ கொலஸ்ட்ரோலோ சீரடையவில்லை.

நிறை கூடியவர்களுக்கு இதில் ஆபத்தும் கூடுதல். காயம் ஆறத் தாமதிக்கும், சீழ் பிடிக்கும், தோலின் கீழ் நீர் தேங்கும், சில வேளை தோலின் ஒரு பகுதி கருகிப்போகும். கால் நரம்பில் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குச் சென்றால் உயிருக்கே ஆபத்து. சீனி வருத்தம் இருந்தால் இன்னும் கவனம் தேவை.

நிறையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீற்றரில் இரு தடவை வகுத்தால் வருவது உடற்திணிவுச் சுட்டி. நம் ஆசிய மக்களுக்கு 23 ஐத் தாண்டினாலே கவனம் வேண்டும், 27.5 ஐத் தாண்டினால் நோய் ஆபத்து அதிகம். இந்தச் சகோதரிக்கு அது 32. 30 ஐத் தாண்டியவர்களிடம் பொறுப்புள்ள சத்திரசிகிச்சை நிபுணர்கள் பெரும்பாலும், "முதலில் நிறையைக் குறையுங்கள். குறைத்த நிறை சில மாதங்கள் நிலைத்து நிற்கட்டும். பிறகு வாருங்கள்" என்றே சொல்வார்கள். இன்னொரு பிள்ளை பெறும் எண்ணம் இருந்தாலும் பொறுத்திருக்கச் சொல்வார்கள். கர்ப்பம் தரித்தால் தைத்த தசையும் தோலும் மறுபடி இழுபடும். சிகிச்சைக்குப் பின் ஏறத்தாழ ஆறு வாரங்களுக்குப் பாரம் தூக்கவும் கூடாது. அந்த நாட்களில் இரண்டு வயதுப் பிள்ளையை யார் தூக்குவது?

மார்க்கத்தின் நிலை

அழகுக்காக மட்டும் அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவது கண்டிக்கப்பட்ட செயல். அழகுக்காகப் பற்களை அராவி இடைவெளி உண்டாக்கும் பெண்களைப் பற்றிய கடுமையான எச்சரிக்கையை இப்னு மஸ்ஊத் (ரழி) அவர்கள் அறிவித்த ஹதீஸில் காண்கிறோம். அது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. அதேவேளை, போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரழி) அவர்கள் வைத்திருந்த வெள்ளி மூக்கு நாற்றமெடுத்தபோது, தங்கத்தால் மூக்கு செய்துகொள்ள நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். குறையைச் சீர்செய்வது வேறு, படைப்பில் திருப்தியின்றி மாற்றுவது வேறு என்பதை உலமாக்கள் இதிலிருந்து விளக்குகிறார்கள்.

சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 2007 இல் மலேசியாவின் புத்ராஜயாவில் கூடி இது பற்றித் தீர்மானம் எடுத்தது. நோயாலும் விபத்தாலும் பிறவற்றாலும் பின்னர் ஏற்பட்ட குறைகளைச் சீர்செய்வது ஆகும். உடலையோ மனதையோ வருத்தும் அவலட்சணத்தை நீக்குவதும் ஆகும். நிறையைக் குறைக்கச் சத்திரசிகிச்சை செய்வதென்றால் நிறை ஒரு நோயாக இருக்க வேண்டும், வேறு வழி இருக்கக் கூடாது, தீங்கு ஏற்படாது என்ற பாதுகாப்பும் வேண்டும்.

எனவே அந்தச் சகோதரிக்கு எனது பதில் இது. உங்கள் வயிறு பிள்ளைகளைச் சுமந்த வயிறு. தாய் பலவீனத்துக்கு மேல் பலவீனமாகச் சுமந்தாள் என்று அல்லாஹ்வே அல்குர்ஆனில் எடுத்துச் சொல்கிறான். அதற்காக வெட்கப்படாதீர்கள். இச்சிகிச்சை எந்நிலையிலும் ஹராம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இப்போதைய நிறையில், ஆபத்து கூடுதலாகவும் வேறு வழி திறந்தும் இருக்கையில், அது ஆகுமான இடத்தை இன்னும் அடையவில்லை. தொப்புள் அருகே ஹேர்னியா இருந்தால் அது வைத்தியம், தாமதிக்காமல் காட்டுங்கள். நிறை குறைந்த பின்னும் தோல் தொங்கி, மடிப்புகளில் புண் வந்து வருத்தினால், டொக்டரின் அறிக்கையோடு ஓர் ஆலிமிடம் மீண்டும் கேளுங்கள். இயன்றவரை பெண் வைத்தியரிடம் செல்லுங்கள்.

நாவுகளுக்கு ஒரு வார்த்தை

அந்தச் சகோதரியைக் கத்தியின் பக்கம் தள்ளியது கொழுப்பு மட்டுமல்ல, மற்றவர்களின் நாவும்தான். சூரத்துல் ஹுஜுராத் கேலியையும் பட்டப்பெயரையும் தடுக்கிறது. பெண்கள் பெண்களைக் கேலி செய்வதைத் தனியாகவே குறிப்பிட்டுத் தடுக்கிறது. கல்யாண வீடுகளில் இதை நினைவில் வைப்போமாக!

கணவன்மாரே! நபி (ஸல்) அவர்கள் ஒரு பயணத்தில் ஆயிஷா (ரழி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடினார்கள். ஆயிஷா (ரழி) முந்தினார்கள். காலம் சென்று அவர்களது உடல் பருத்த பின் மீண்டும் ஓடியபோது நபியவர்கள் முந்தினார்கள். அப்போது உடலைப் பற்றி ஒரு குத்தல் பேச்சும் இல்லை. அன்றைய தோல்விக்கு இது ஈடு என்று சிரித்தார்கள். அபூதாவூதிலும் அஹ்மதிலும் உள்ள செய்தி இது. மனைவி பருத்த பின்னும் அவரோடு சேர்ந்து ஓடியவர் நம் நபி!

இனிச் செய்ய வேண்டியது

முதலில் கிளினிக்கில் சீனியையும் பிரஷரையும் பாருங்கள். இடுப்புச் சுற்றளவை அளவுநாடாவால் அளந்து எழுதி வையுங்கள். பெண்களுக்கு 80 சென்றிமீற்றருக்கு மேற்பட்டால் கவனம் தேவை. பத்து வீதம் நிறை குறைந்தாலே சீனியும் பிரஷரும் இறங்கத் தொடங்கும். 78 கிலோவுக்கு அது எட்டுக் கிலோதான். கிழமைக்கு ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம் வேகமாக நடக்க வேண்டும். சுபஹுக்குப் பின் கணவர் கூட வரட்டும், அல்லது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளட்டும்.

ஸஹனில் உண்ணும்போது எவ்வளவு உண்டோம் என்பது தெரிவதில்லை. வீட்டில் தனிக் கோப்பையில் அளந்து போடுங்கள். பாதியளவு மரக்கறியாக இருக்கட்டும். தேநீரில் சீனியைக் குறையுங்கள். இரைப்பையில் மூன்றிலொரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு பானத்துக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்று திர்மிதியில் வரும் நபிமொழியை நாம் பிள்ளைகளுக்கு மனனமிடக் கொடுக்கிறோம். அதைச் சாப்பாட்டுப் பாயிலும் காட்டுவோம்.

பதிலை மனைவி மூலம் அனுப்பினேன். அடுத்த வகுப்பில் அவர் சொன்னாராம்: "காப்பு கையிலேயே இருக்கட்டும் தாத்தா. முதல்ல கிளினிக்குக்குப் போறேன். ஹஸரத் சொன்ன அந்த ஓட்டப்பந்தய ஹதீஸை மட்டும் எழுதித் தாங்க. அவருக்கு வாசிக்கக் கொடுக்கணும்."

எழுதிக் கொடுத்தேன். அல்லாஹ் அவருக்கும் நம் அனைவருக்கும் ஆரோக்கியத்தையும் நல்ல நாவையும் தருவானாக. ஆமீன்.