பின்காற்றுப் பாய்: ஏற்றுவதை விட இறக்குவதே கடினம்

2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவுக்கு ஏறியது. மண்ணெண்ணெயில் ஓடும் சிறு படகுகளை நம்பியிருந்த மன்னார்க் குடும்பங்களுக்கு அது பேரிடி. போர்க்காலத்திலோ எரிபொருளுக்குத் தடை, இயந்திரத்தின் குதிரைவலுவுக்கு வரம்பு, தொழிலுக்குப் போகும் நேரத்துக்கும் தூரத்துக்கும் கட்டுப்பாடு. இயந்திரம் இல்லாத கடலை எங்கள் ஆட்கள் பலமுறை பார்த்துவிட்டார்கள். பாய் பற்றிய அறிவை வெறும் பொழுதுபோக்காக ஒதுக்க முடியாததற்கு இதுவே காரணம்.

பாய்களில் ஒரு வகை, காற்று பின்னாலிருந்து வரும்போது மட்டும் அணியத்துக்கு முன்னே விரிக்கப்படுவது. மேல்நாட்டுச் சிறு பாய்ப்படகுகளில் இதை ஸ்பினேக்கர் என்பார்கள். மெல்லிய நைலோன் துணியில் தைத்த, பாரசூட் போல உப்பும் பெரிய பாய். 1860களில் இங்கிலாந்தின் பந்தயப் படகுகளில் இது புழக்கத்துக்கு வந்தது.

துணியும் பெயரும் புதிதாக இருக்கலாம். பின்காற்றில் ஓடுவது மன்னாருக்குப் புதிதல்ல. அரிப்பு, மறிச்சுக்கட்டிக் கரைகளில் நடந்த முத்துக்குளிப்பு முழுவதும் அந்தக் கணக்கில்தான் இயங்கியது. நள்ளிரவு கடந்து வீசும் கரைக்காற்றில் படகுகள் மேற்கே பாய் விரித்து, விடியும்போது பார்களை அடையும். பிற்பகலில் கடற்காற்று எழும்ப, அதே பாயோடு திரும்பும். போகவும் பின்காற்று, வரவும் பின்காற்று. வாடை ஓய்ந்து கச்சான் பிடிப்பதற்கு முன்னான மாசி, பங்குனி, சித்திரை மாதங்களில் முத்துக்குளிப்பு நடந்ததற்கு இதுவும் ஒரு காரணம். கச்சான் பிடித்துவிட்டால் அந்த ஒழுங்கு குலைந்துவிடும். அதன் வேகத்தை அறியத் தீவின் தென்கரையைப் பார்த்தால் போதும்: அந்தக் காற்றை நம்பித்தான் 2020இல் 30 காற்றாலைகளை நட்டார்கள். (அவற்றால் கரைக்கு வந்த சிக்கல்கள் தனிக்கதை.)

இனி பாயை ஏற்றும் முறை. வேலை கரையிலேயே தொடங்குகிறது. பாயின் இரண்டு ஓரங்களையும் முறுக்கில்லாமல் கையால் தடவிப் பார்த்து, நடுத்துணியைப் பையில் திணித்து, மூன்று மூலைகளும் வெளியே தெரிய வைக்க வேண்டும். மேல் மூலையில் ஏற்றுகயிறு. கீழ் மூலைகள் இரண்டிலும் பக்கக் கயிறுகள். முறுக்கோடு போன பாய் மேலே போய் மணிக்கூட்டுக் கண்ணாடி போல நடுவில் இறுகி நிற்கும். காற்றில் அதை அவிழ்ப்பது பெரும்பாடு.

கடலில் முதலில் படகைக் காற்றோடு திருப்ப வேண்டும். பெரிய பாயின் மறைவில், காற்றுப் படாத பக்கமாக, ஏற்றுகயிற்றைத் தயங்காமல் ஒரே மூச்சில் இழுக்க வேண்டும். பாதியில் காற்றுப் பிடித்தால் படகு சரியும். பாய் உச்சிக்குப் போனபின்தான் பக்கக் கயிற்றை இழுக்கலாம். காற்று வரும் பக்கத்து ஓரம் இலேசாக மடங்கும் அளவுக்குத் தளர்த்தி, மடங்கியதும் சிறிது இழுப்பதுதான் சரியான பிடி. கயிறு கையிலேயே இருக்கட்டும், கட்டிவிடக் கூடாது. திடீர்க் காற்று அடித்தால் கயிற்றைத் தளர்த்தி, சுக்கானால் மேலும் காற்றோடு திருப்புங்கள்.

பின்காற்றில் ஓடும்போது காற்றின் உண்மை வேகம் தெரியாது. 15 நொட் காற்றில் படகு 5 நொட்டில் போனால் முதுகில் படுவது 10 நொட் மட்டுமே. "நல்ல இளங்காற்று" என்று நினைத்துக்கொண்டே வெகுதூரம் போய்விடுவோம். திரும்பும்போதுதான் முகத்தில் அறையும். ஆகவே இறக்கும் முடிவைப் பிந்த விடக்கூடாது.

இறக்கும்போதும் படகு காற்றோடுதான் இருக்க வேண்டும். காற்றுப் பக்கக் கயிற்றை விட்டால் பாய் கொடி போல மறுபக்கம் தளரும். அந்தப் பக்கக் கயிற்றைப் பிடித்துக் கீழ் ஓரத்தை முதலில் அள்ளி எடுங்கள். அது கைக்கு வந்தபின்தான் ஏற்றுகயிற்றை விட வேண்டும், அதுவும் அள்ளுகிற வேகத்துக்கு. அவசரத்தில் ஏற்றுகயிற்றை முதலில் விடுபவர்களே அதிகம். பாய் நீரில் விழுந்து வலை போல நீரை அள்ளும், படகு நின்றுவிடும், துணி சுக்கானில் சுற்றும்.

இயந்திரம் நின்ற பைபர் படகில் தறப்பாளையும் இரண்டு துடுப்பையும் வைத்துப் பாய் கட்டினாலும் இதே ஒழுங்குதான். ஆனால் அந்தப் படகு ஏறக்குறையக் காற்று போகும் திசையில் மட்டுமே போகும். வாடையில் பேசாலைப் பக்கம் நின்றால் தறப்பாள் கரை சேர்க்கும். அதே வாடையில் தாழ்வுபாட்டுப் பக்கம் நின்றால் தென்மேற்கே, 1976 ஒப்பந்தம் வரைந்த எல்லைக்கோட்டை நோக்கித் தள்ளும். கச்சானில் இது மறுதலை: தாழ்வுபாட்டார் கரைக்கு வருவர், பேசாலைப் படகு பாக்குநீரிணைக்குள் வடகிழக்கே போகும். கரையை விட்டு விலக்கும் காற்றில் பாயைத் தொடவே வேண்டாம், நங்கூரம் போடுங்கள். முத்துப் பார்களின் ஆழம் 5 முதல் 10 பாகம் வரை. நங்கூரக் கயிறு ஆழத்தைப் போல மூன்று நான்கு மடங்காவது இருந்தால்தான் பிடிக்கும்; கரையிலேயே அளந்து எடுத்துக்கொள்ளுங்கள்.