ஈர்க்கும் சூரியனே தள்ளவும் செய்கிறது

அருகில் வரும் எதையும் சூரியன் தன்னை நோக்கி இழுக்கும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். ஹைட்ரஜன் அணுவைப் பொறுத்தவரை அது பாதிப் பாடம்தான்.

விண்மீன்களுக்கு நடுவே மிக மெல்லிய வாயு பரவிக் கிடக்கிறது. அதனூடே சூரியன் தன் கோள்களோடு நொடிக்குச் சுமார் 26 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. ஓடும் பேருந்தின் ஜன்னலில் எதிர்க்காற்று அடிப்பதுபோல, விருச்சிகம் இருக்கும் பக்கத்திலிருந்து இந்த வாயு சூரியக் குடும்பத்துக்குள் வீசுகிறது.

உள்ளே வரும் ஹைட்ரஜனைச் சூரிய ஒளி எதிர்கொள்கிறது. ஒளிக்கு நிறை கிடையாது, உந்தம் உண்டு. 121.6 நானோமீட்டர் அலைநீளமுள்ள ‘லைமன்-ஆல்பா’ என்ற புற ஊதாக் கதிரை ஹைட்ரஜன் அணு விழுங்கி, உடனே உமிழ்ந்துவிடும். விழுங்கும் ஒவ்வொரு முறையும் அணு சூரியனிலிருந்து அப்பால் தள்ளப்படுகிறது. உமிழும்போது படும் உதைப்போ பல திசைகளிலும் சிதறி ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். ஆக, மிஞ்சுவது வெளிநோக்கிய தள்ளல்.

ஈர்ப்பு, ஒளி இரண்டுமே தூரத்தின் வர்க்கத்துக்கேற்பக் குறைபவை. ஆகவே புதன் அருகிலானாலும் வியாழன் அருகிலானாலும் அவற்றின் விகிதம் ஏறக்குறைய ஒன்றே. அந்த விகிதம் காலத்தோடு மாறுகிறது. சூரியனின் 11 ஆண்டுச் சுழற்சியில், அமைதியான ஆண்டுகளில் இரு விசைகளும் கிட்டத்தட்டச் சமம். அணு ஏறத்தாழ நேர்கோட்டில் செல்லும். சூரியப் புள்ளிகள் பெருகும் ஆண்டுகளில் தள்ளல் ஓங்கும். அணுக்கள் சூரியனை விட்டு விலகி வளையும். அதையும் மீறி நெருங்கி வருபவற்றின் எலக்ட்ரானை, சூரியனிலிருந்து வெளியேறும் துகள்களின் ஓட்டமான சூரியக் காற்றின் புரோட்டான்கள் பறித்துக்கொள்கின்றன. இப்படித்தான் சூரியனைச் சுற்றி ஹைட்ரஜன் அருகிய ஒரு குழி உருவாகிறது.

ஹீலியத்தின் கதை நேர்மாறு. அதன் மீது ஒளியின் தள்ளல் மிகக் குறைவு என்பதால் ஈர்ப்பு அதைச் சூரியனுக்குப் பின்புறம் கூம்பாகக் குவிக்கிறது. ஆண்டுதோறும் டிசம்பரில் பூமி அந்தக் கூம்பைக் கடந்து செல்கிறது.

ஹைட்ரஜன் உமிழும் லைமன்-ஆல்பா, வானமெங்கும் மங்கிய ஒளிர்வாகத் தெரிகிறது. நாசாவின் ஓஜிஓ-5 செயற்கைக்கோள் 1970 வாக்கில் அதைப் படம்பிடித்துக் காட்டியது. 1995-இல் ஏவப்பட்ட சோஹோ விண்கலத்தின் ‘ஸ்வான்’ கருவி அதைத் தொடர்ந்து வரைபடமாக்கியது. 2025 செப்டம்பரில் கிளம்பிய ஐமேப் விண்கலத்தில், போலந்து உருவாக்கிய ‘குளோஸ்’ கருவியும் இதே வேலைக்காகச் சென்றிருக்கிறது. சூரியக் காற்று வலுத்த பக்கம் ஹைட்ரஜன் குறையும்; ஆகவே ஒளிர்வு எங்கே மங்குகிறது என்று பார்த்தால், சூரியக் காற்று எந்தப் பக்கம் வலுவாக வீசுகிறது என்பதைச் சொல்லிவிடலாம். நேரில் போய் அளக்க அரிதான சூரிய துருவங்களின் காற்றையும் இந்த ஹைட்ரஜனே நமக்கு அளந்து தருகிறது.