விசையின் இழுப்பும் குதிரையின் வீச்சும்

ரிவால்வர் என்னும் சுழல் துப்பாக்கியைச் சுடுவதற்கு அதன் விசையின் மீது விரல் செலுத்தவேண்டிய பலமும், அந்த விசை தன் பாதையில் நகரும்போது விரலுக்குப் புலப்படும் வழுவழுப்பும் முரட்டுத்தனமும் சேர்ந்தே இங்கு இழுப்பு எனப்படுகின்றன. இடுப்புறையிலோ கால்சட்டைப் பையிலோ வைத்துக்கொள்வதற்கென்று அமெரிக்காவில் செய்யப்படும் சிறு ரிவால்வர்களில் இந்த இழுப்பு மிகவும் கடினமானது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனத்தின் 642 என்னும் ஐந்து தோட்டாத் துப்பாக்கியின் எடை ஏறத்தாழ 425 கிராம்தான். அதன் விசையை இழுப்பதற்கோ, துப்பாக்கிக்குத் துப்பாக்கி சற்று மாறினாலும், ஐந்தரைக் கிலோ எடையைத் தூக்குவதற்கு ஒப்பான பலம் வேண்டும். தன் எடையைப்போல் பன்னிரண்டு மடங்குக்கு மேற்பட்ட பலத்தோடு ஒற்றை விரல் இழுக்கையில் அந்தப் பொருள் கையில் அசையாமல் நிற்கவேண்டும் என்பதுதான் இதைக் கையாள்பவர் எதிர்கொள்ளும் சிக்கல். இழுப்பைச் சீராக்குவதற்கென ஒரு நுண்கைவினையே வளர்ந்திருப்பதற்கும், அதில் பலத்தைக் குறைப்பதைவிட முரட்டுத்தனத்தைக் களைவது மேலானதாக மதிக்கப்படுவதற்கும் காரணம் துப்பாக்கியின் உள்ளமைப்பில் இருக்கிறது.

தோட்டாவை நோக்கிப் பாய்ந்து அடிக்கும் உறுப்பைத் தமிழில் நெடுங்காலமாகக் குதிரை என்று சொல்லிவருவது மிகப் பொருத்தமான பெயரீடு. சாமுவேல் கோல்ட் 1836இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற ரிவால்வரில் ஒவ்வொரு சூட்டுக்கு முன்பும் இந்தக் குதிரையைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்தவேண்டும். விசையின் வேலை நின்ற குதிரையை விடுவிப்பது மட்டுமே என்பதால் அதற்குச் சிறு தொடுதலே போதுமானதாக இருந்தது. இது ஒற்றைச் செயல் முறை எனப்படும். இங்கிலாந்தைச் சேர்ந்த ராபர்ட் ஆடம்ஸ் 1851இல், விசையை இழுப்பதாலேயே குதிரை ஏறி, தோட்டாக்களைத் தாங்கும் உருளை சுழன்று, குதிரை விழும்படியான அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார்; இரண்டு வகையிலும் சுடத்தக்கதாக அதைத் திருத்தியவர் பியூமான்ட் என்னும் படை அதிகாரி. இரட்டைச் செயல் என்று இன்று வழங்கும் முறை இதுவே. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1950இல் வெளியிட்ட சீஃப்ஸ் ஸ்பெஷல், கையடக்கமான சட்டத்தில் .38 ஸ்பெஷல் தோட்டாக்கள் ஐந்தைக் கொள்ளும்படி இந்த முறையைச் சுருக்கித் தந்தது. அந்நிறுவனத்தின் நூற்றாண்டையொட்டி 1952இல் வந்த சென்டெனியலில் குதிரை சட்டத்துக்குள்ளேயே மறைந்துவிட்டதால், கட்டைவிரலால் அதை ஏற்றும் வழியே இல்லாமல், முழு இழுப்பு ஒன்றே எஞ்சியது.

இந்த முழு இழுப்பின்போது உள்ளே நடப்பதை நிதானமாகப் பின்தொடர்ந்து பார்ப்பது பயனுள்ளது. விசை பின்னோக்கி நகரத் தொடங்கியதும் அதன் மேல்முனை குதிரையின் அடியில் உள்ள பல்லைத் தூக்க, குதிரை தன் அச்சில் சாய்ந்து முதன்மைச் சுருள்வில்லை நெருக்கத் தொடங்குகிறது. அதே வேளையில், உருளையை அதன் இடத்தில் பிடித்துவைத்திருக்கும் தாழ் கீழே இறங்கி உருளையை விடுவிக்க, விசையோடு பிணைந்த உந்துகோல் மேலெழுந்து உருளையின் பின்புறப் பற்சக்கரத்தைத் தள்ளுகிறது. ஐந்து அறை உருளை ஒரு சூட்டுக்கு 72 பாகை திரும்பவேண்டும்; ஆறு அறை உருளைக்கு 60 பாகையே போதும். அடுத்த அறை குழலுக்கு நேராக வந்ததும் தாழ் மீண்டும் எழுந்து அடுத்த குழிவில் விழுந்து உருளையைப் பூட்டுகிறது. இவை நடக்கும்போதே விசையின் பின்புறம் மீள்கட்டை என்று சொல்லத்தக்க ஒரு சிறு எஃகுக் கட்டையை, அதற்குள் இருக்கும் இரண்டாவது சுருள்வில்லின் எதிர்ப்பை மீறிப் பின்னே தள்ளிக்கொண்டுபோகிறது. இறுதியில் விசையின் முனையிலிருந்து குதிரை வழுக்கி விடுபட்டு முன்னே பாய, குத்தூசி தோட்டாவின் அடியிலுள்ள பிரைமர் என்னும் சிறு கிண்ணத்தை நசுக்கி, அதற்குள் இருக்கும் அடியால் தீப்பற்றும் வேதிக்கலவையைப் பற்றவைக்கிறது. விரல் தளர்ந்ததும் மீள்கட்டை முன்னே வந்து விசையைப் பழைய இடத்துக்குத் தள்ளுவதோடு, குதிரையையும் சற்றுப் பின்வாங்கச் செய்து, குத்தூசி பிரைமரின் மேல் தங்கிவிடாமல் பார்த்துக்கொள்கிறது.

துப்பாக்கி சிறியதானால் இழுப்பும் இலகுவாகும் என்று தோன்றலாம். நடப்பது இதற்கு நேர்மாறானது. பிரைமர் பற்றுவதற்கு வேண்டிய அடியின் ஆற்றல் துப்பாக்கியின் அளவைப் பார்த்துக் குறைவதில்லை. ஓடும் பொருளின் ஆற்றல் அதன் நிறையையும் வேகத்தின் இருபடியையும் பொறுத்தது. சிறு ரிவால்வரின் குதிரை இலேசானதும் அதன் வீச்சு குறுகியதுமாக இருப்பதால், குறைந்த தொலைவுக்குள் அதிக வேகத்தை அதற்கு ஊட்டவேண்டியிருக்கிறது, அதற்கு வலுவான வில் வேண்டியிருக்கிறது. பெரிய சட்ட ரிவால்வர்களில் கைப்பிடிக்குள் நிற்கும் நீண்ட பட்டைவில் அந்த வேலையைச் செய்கிறது. சிறியவற்றில் அதற்கு இடமில்லாமல் ஒரு குட்டைச் சுருள்வில்லே எல்லாவற்றையும் தாங்குகிறது. நெம்புகோல்களும் குட்டையானவை என்பதால் விரலுக்குக் கிடைக்கும் இயந்திர உதவியும் குறைவு.

இழுப்பின் சுமை முழுவதும் வில்களிலிருந்தே வருவதில்லை என்பது இந்தக் கைவினையின் அடிப்படை. உலோகம் உலோகத்தின்மேல் தேய்ந்து நகரும் இடங்கள் உள்ளே பல இருக்கின்றன. வெட்டுக்கருவி விட்டுச்சென்ற வரிகளும் விளிம்புகளில் நிற்கும் பிசிறுகளும் ஒவ்வொன்றிலும் உராய்வைக் கூட்டுகின்றன. ஒரே அளவான கடினம் விரலுக்குப் பழகிவிடும். நடுவழியில் ஏற்படும் தடக்கு பழகுவதில்லை. தடக்கைத் தாண்டுவதற்காக விரல் கூட்டிய பலம், தாண்டிய மறுகணம் மிகையாகிவிட, குழல் முனை பக்கவாட்டில் துள்ளுகிறது, குறி தவறுகிறது. ஆகவே எடைமானியில் எந்த மாற்றமும் காட்டாத ஒரு திருத்தம்கூடச் சுடுபவரின் கைக்குப் பெரும் மாற்றமாக இருக்க முடியும்.

இந்த வேலையில் தேர்ந்த துப்பாக்கிக் கம்மியரின் பொறுமை, உள்ளுறுப்புகளை மூடியிருக்கும் பக்கத்தகட்டைக் கழற்றும்போதே தெரிந்துவிடும். திருகுகளை அவற்றின் பிளவுக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளியால் எடுத்தபின், தகட்டின் விளிம்பில் எதையும் கொடுத்து நெம்பாமல், கைப்பிடியின் எஃகுச் சட்டத்தை மரச்சுத்தியால் மெல்லத் தட்டிக்கொண்டே இருப்பார். அதிர்வினால் தகடு தானாகவே தளர்ந்து எழும்பும். நெம்பியவர்கள் விட்ட வடு, கண்ணால் காணமுடியாதபடி பொருந்தியிருந்த அந்த மூட்டில் என்றைக்கும் மறையாது. உள்ளே அவர் முதலில் கவனிப்பது மீள்கட்டையையும் அது ஓடும் தடத்தையும். ஏனெனில் விரல் தள்ளுவதில் கணிசமான பங்கு அங்கேதான் உராய்வாகக் கழிகிறது. கட்டையின் தட்டையான பக்கங்களை, எண்ணெய் விட்ட நுண்மணிச் சாணைக்கல்லின்மேல் சமமாக வைத்து, வரிகளின் மேடுகள் மட்டும் தணியும் அளவுக்கு அவர் தேய்க்கிறார். அரத்துக்கு இங்கு வேலையே இல்லை. இந்த உறுப்புகள் பலவற்றில், குறிப்பாகப் பழைய துப்பாக்கிகளில், மேற்பரப்பு மட்டுமே கடினமாக்கப்பட்டு அகம் மென்மையாக விடப்பட்டிருக்கும். மெல்லிய அந்தத் தோலைத் தேய்த்துக் கடந்துவிட்டால், கீழுள்ள மென்மையான எஃகு விரைவில் தேய்ந்து, முன்னிலும் கேடான இழுப்பைத் தரும். குதிரையை ஏற்றி நிறுத்தும் வெட்டையும் அதைப் பிடிக்கும் விசைமுனையையும் அவர் தொடுவதே இல்லை. அங்கு கோணம் சிறிது பிசகினாலும், ஏற்றிய குதிரையை யாரும் விசையைத் தொடாமலே ஒரு தள்ளல் விழவைத்துவிடும்.

வில்லை மாற்றுவது இதைவிட எளிதாகத் தோன்றும் வழி; இலேசான வில்கள் கடைகளில் கிடைக்கின்றன, மாற்றியதும் வேறுபாடு உடனே விரலுக்குத் தெரிகிறது. ஆனால் முதன்மை வில் தளர்ந்தால் குதிரையின் அடியும் தளர்கிறது. பிரைமர் கிண்ணங்களின் உலோகம் தயாரிப்புக்குத் தயாரிப்பு வேறுபடுவதால், ஒருவகைத் தோட்டாவைத் தவறாமல் பற்றவைக்கும் துப்பாக்கி, இன்னொரு வகையில் ஆழமற்ற ஒரு குழிவை மட்டும் பதித்துவிட்டு மௌனமாக இருந்துவிடலாம். தற்காப்புக்கென்று வைத்திருக்கும் கருவியில் இதைக் காட்டிலும் பெரிய குறை கிடையாது. மீள்கட்டையின் வில்லைத் தளர்த்துவதற்கும் விலை உண்டு: விசை மந்தமாகத் திரும்பும், விரைந்து சுடுபவரின் விரல் அது முழுதும் திரும்புவதற்குள் மீண்டும் இழுத்துவிடும், உருளை நகராமல் நின்றுவிடும். மொன்டானாவைச் சேர்ந்த எட் மெக்கிவர்ன் 1932இல் தெற்கு டகோட்டாவின் லீட் நகரில் ரிவால்வரால் 0.45 நொடியில் ஐந்து முறை சுட்டார். விரலின் வேகத்துக்கு ஈடாக விசை ஒவ்வொரு முறையும் முழுதாகத் திரும்பாமல் அது நடந்திருக்க முடியாது.

கனமான இழுப்புக்கு இன்னொரு நியாயமும் உண்டு. இவ்வகை ரிவால்வர்களில் பெரும்பாலானவற்றில் கையால் போடும் காப்புத்தாழ் கிடையாது. தற்செயலாக விரலோ துணியோ பட்டதால் துப்பாக்கி வெடித்துவிடாமல் காப்பது அந்த நீண்ட, கனத்த இழுப்புதான். உராய்வைக் குறைப்பதாக எண்ணிச் சிலர் கழற்றி எறியும் குதிரைத் தடுப்பு என்னும் மெல்லிய தகட்டின் வரலாறு இதற்கு ஒப்பானது: இரண்டாம் உலகப் போரின்போது கப்பல் தளத்தில் விழுந்த ஒரு ரிவால்வர் வெடித்து அமெரிக்க மாலுமி ஒருவர் இறந்த பிறகே, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் அந்தத் தடுப்பைத் திருத்தி அமைத்தது. ருகர் நிறுவனம் 2009இல் கொண்டுவந்த எல்.சி.ஆர். ரிவால்வரில் கடினமான இழுப்பு என்னும் சிக்கலை வடிவமைப்பாளர்கள் வேறு வழியில் அணுகினர். குதிரையை இயக்கும் பரப்பின் வளைவை மாற்றி, இழுப்பின் சுமை பாதை முழுவதும் ஒரே சீராகப் பரவும்படி செய்தனர். வீட்டுமேசையில் அமர்ந்து சாணைக்கல்லை எடுக்கத் துணிபவர்களுக்கு இந்தியச் சட்டமும் இடம் தருவதில்லை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கிகளைப் பழுதுபார்ப்பதற்கும் உரிமம் வேண்டும்.

வேலை முடிந்ததும் கம்மியர் செய்யும் சோதனை எளிமையானது. துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை இருமுறை பார்த்து உறுதிசெய்துகொண்டு, குழலை மேல்நோக்கிப் பிடித்து, விசையை முழுதும் இழுத்தபின் விரலை மிக மெதுவாகத் தளர்த்துகிறார். அப்போது எந்த இடத்திலும் தயங்கி நிற்காமல் விசை தன் தொடக்க இடம் வரை விரலைத் தள்ளிக்கொண்டே வந்தால்தான், உரியவர் வழக்கமாகப் பயன்படுத்தும் தோட்டாக்களோடு துப்பாக்கி சுடுகளத்துக்குச் செல்லும்.