ஒரே கணினி, மூன்று பட்டியல்கள்

லினக்ஸ் கணினியில் எந்தெந்த ஒலிக்கருவிகள் உள்ளன என்று முனையத்தில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரத்தில் கேட்கும்போது கிடைக்கும் விடை, எந்த அடுக்கிடம் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து மாறும்.

அடியில் இருப்பது அல்சா. 2003 டிசம்பரில் வெளியான 2.6 கெர்னலிலிருந்து, பழைய ஓஎஸ்எஸ் முறையின் இடத்தைப் பிடித்துக்கொண்ட இந்த அமைப்பிடம், ஏபிளே என்ற கட்டளையுடன் ஒரு சிறு கோடும் சிறிய எல் எழுத்தும் சேர்த்துக் கேட்டால், ஒலி வெளியிடும் வன்பொருள்களை வரிசையாகச் சொல்லும். மைக் போன்ற உள்ளீடுகளுக்கு ஏரெக்கார்ட் என்ற கட்டளை உண்டு. 'கார்டு 0, டிவைஸ் 3, எச்டிஎம்ஐ 0' என ஒரு வரி வருமானால், முதல் எண் ஒலி அட்டையையும் அடுத்தது அதிலுள்ள வழியையும் குறிக்கும். மடிக்கணினிகளில் இந்த வழி எண்கள் 3, 7, 8 என்று தாவிச் செல்வதும், கேபிளே செருகாத எச்டிஎம்ஐ துளைகள்கூடப் பட்டியலில் இடம்பெறுவதும் பழுதல்ல.

அட்டை எண்ணைத்தான் நம்பக் கூடாது. இயக்கிகள் ஏறும் வரிசையில் அது வழங்கப்படுவதால், இன்று 1 ஆக இருக்கும் யுஎஸ்பி மைக் மறுதொடக்கத்துக்குப் பின் 0 ஆகிவிடலாம். நிரல் எழுதுவோர் எண்ணை விடுத்து, அட்டையின் சுருக்கப்பெயரைக் குறிப்பதே பாதுகாப்பானது.

இதற்கு மேலடுக்கில், பல செயலிகளின் ஒலியைக் கலந்து அனுப்பும் பல்ஸ்ஆடியோவோ, 2021-இல் ஃபெடோரா 34 இயல்பாக ஏற்ற பைப்வயரோ இயங்கும். புளூடூத் ஹெட்செட் பொதுவாக ஏபிளே பட்டியலில் தென்படாது. பிஏசிடிஎல் கட்டளையிடமோ டபிள்யூபிசிடிஎல் கட்டளையிடமோ கேட்டால்தான் தெரியும். பின்னது, இயல்பாகத் தேர்வாகியுள்ள கருவிக்கு அருகே நட்சத்திரக் குறியும் இடும்.

சில வேளை, ஒலி அட்டை இருந்தும் 'ஒன்றும் இல்லை' என்று ஏபிளே கைவிரிக்கும். அப்போது புரோக் கோப்புறையில் அசவுண்ட் என்பதனுள் உள்ள கார்ட்ஸ் கோப்பைத் திறந்து பார்க்க வேண்டும். அதில் அட்டையின் பெயர் இருந்தால், கெர்னல் அதைக் கண்டுகொண்டது என்றும், பெரும்பாலும் பயனருக்கு அனுமதி இல்லாததே சிக்கல் என்றும் கொள்ளலாம். தொலைவிலிருந்து உள்நுழைவோருக்கு இது அடிக்கடி நேரும். ஆடியோ என்னும் பயனர் குழுவில் அவரைச் சேர்த்து, மீண்டும் உள்நுழையச் செய்தால் பட்டியல் வந்துவிடும்.