படகில் கைக்குழந்தையும் ஒரு தலைதான்

சாங்கி பாயிண்ட் படகுத்துறையில் புலாவ் உபின் செல்லக் காத்திருந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். 12 பேர் சேர்ந்ததும் பம்போட் புறப்படும். அவசரமென்றால் 12 பேருக்கான கட்டணத்தையும் நாமே கொடுத்து முழுப் படகையும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால், பதின்மூன்றாவது ஆளுக்கு மட்டும் இடமில்லை. எவ்வளவு கெஞ்சினாலும் அவர் அடுத்த படகில்தான் ஏறவேண்டும்.

இந்தக் கண்டிப்பு எதற்கு என்ற கேள்வி, கடந்த பள்ளி விடுமுறையின்போது எங்கள் வீட்டு வரவேற்பறைக்கே வந்துவிட்டது.

அம்மாவுக்கு அறுபதாவது பிறந்தநாள். ஓர் உல்லாசப் படகை வாடகைக்கு எடுத்து லாசரஸ் தீவுப் பக்கம் போய்வரலாம் என்று முடிவுசெய்தோம். சித்தப்பா, அத்தை குடும்பங்களையும் சேர்த்து மொத்தம் 18 பேர். அதில் மூன்று பேர் ஐந்து வயதுக்கும் குறைந்த வாண்டுகள். தம்பி கைப்பேசியில் தேடிப் பிடித்த படகில் 15 பேர்தான் ஏறலாம்.

“சின்னப் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொள்கிறோமே,” என்று தொலைபேசியில் கேட்டுப் பார்த்தார் சித்தப்பா. “மன்னிக்கவும் அங்கிள், கைக்குழந்தையும் ஒரு தலைதான். உரிமத்தில் இருக்கும் எண்ணிக்கையை என்னால் மாற்ற முடியாது,” என்றார் மறுமுனையில் இருந்தவர்.

அடுத்து அழைத்த இடத்தில் வேறு பதில் கிடைத்தது. “பரவாயில்லை, வாங்க, சமாளிச்சுக்கலாம்.” கட்டணமும் குறைவு. வீட்டில் பாதிப் பேர் உடனே அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். “மூன்று பிள்ளைகள் ஏறுவதால் படகு மூழ்கிவிடுமா என்ன?” என்றார் அத்தை.

நியாயமான கேள்விதான். பேருந்தில் கூட்டம் அதிகமானால் நமக்குப் புழுக்கம், அவ்வளவே. படகு அப்படியல்ல. எடை கூடும்போது படகு நீரில் இன்னும் ஆழமாக அமிழ்கிறது. மேல்தளத்தில் ஆட்கள் கூடினால் தள்ளாட்டம் அதிகரிக்கிறது. எல்லாரும் ஒரே பக்கம் போனால் அது சரிகிறது. உரிமத்தில் எழுதியிருக்கும் எண்ணை வெறும் இருக்கைக் கணக்காக நினைக்கக்கூடாது. படகு நிலைகுலையாமல் தாங்கக்கூடிய ஆட்கள் எத்தனை பேர், எத்தனை பேருக்கு உயிர்காப்பு அங்கி உள்ளது என்பதெல்லாம் அதற்குள் அடங்கியிருக்கின்றன.

அந்தக் கணக்கு தவறினால் என்னவாகும் என்பதற்கு நம்மவர்கள் விடுமுறைக்குச் செல்லும் கேரளாவிலேயே இரண்டு சம்பவங்கள் உண்டு. 2009 செப்டம்பர் 30ஆம் தேதி தேக்கடி ஏரியில் ‘ஜலகன்யகா’ என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். கரையோரம் தெரிந்த விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் திரண்டபோது படகு சரிந்ததாகக் கூறப்பட்டது. இத்தனைக்கும் அது அரசாங்கச் சுற்றுலாக் கழகம் நடத்திய படகு.

2023 மே 7ஆம் தேதி மலப்புரம் மாவட்டத்தின் தானூரில் 22 பேர் உயிரிழந்தனர். மீன்பிடிப் படகு ஒன்றை இரண்டு தளங்கள் கொண்ட சுற்றுலாப் படகாக மாற்றியிருந்தார்கள். அனுமதிக்கப்பட்ட அளவைவிட மிக அதிகமானோரை ஏற்றிக்கொண்டு, சவாரிக்கான நேரம் முடிந்தபின் அது புறப்பட்டது. இறந்தவர்களில் பலர் குழந்தைகள். ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்களும் பலர். அவர்களும் எங்களைப்போல் விடுமுறை நாளில் ஒன்றாகக் கிளம்பியவர்கள்தான்.

இதைச் சொன்னபோது, “அது அங்கே. சிங்கப்பூரில் அப்படியெல்லாம் நடக்காது,” என்றார் சித்தப்பா. ஆனால், நடக்காமல் இருப்பதற்குக் காரணமே அந்தப் பதின்மூன்றாவது ஆளை மறுக்கும் பழக்கம்தானே?

இங்கே படகுகளுக்கு உரிமம் வழங்குவது 1996இல் அமைக்கப்பட்ட கடல்துறை, துறைமுக ஆணையம். உல்லாசப் படகுகளில் சொந்தப் பயன்பாட்டுக்கு ஒருவகை உரிமம், வணிகப் பயன்பாட்டுக்கு வேறுவகை உரிமம். சொந்த உரிமம் உள்ள படகில் உரிமையாளர் தம் நண்பர்களை அழைத்துப் போகலாம். காசு வாங்கிக்கொண்டு வாடகைக்கு விடமுடியாது. படகை ஓட்டுபவருக்கும் அதற்கான உரிமம் தேவை.

மார்சிலிங்கில் வசிக்கும் எனக்குக் கடல் ஒன்றும் தூரமில்லை. உட்லண்ட்ஸ் நீர்முகப் பூங்காவின் படகுத்துறையில் நின்றால் எதிரே ஜோகூர் பாரு. கடற்பாலம் வரும் முன்னர் அக்கரைக்குப் படகில்தான் போனார்கள். அங்கே நீர் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். அதைப் பார்த்துப் பழகியவர்கள் தெற்குக் கடலையும் அப்படியே நினைத்துவிடக்கூடாது. எந்த நேரத்திலும் ஏறக்குறைய 1,000 கப்பல்கள் நிற்கும் துறைமுகம் நம்முடையது. பெரிய கப்பல் கடந்துபோனால் எழும் அலையே சிறிய படகை உலுக்கிவிடும்.

படகுத் தொழில் நமக்குப் புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சிங்கப்பூர் ஆற்றில் சரக்குப் படகுகளை ஓட்டியவர்களில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியாக்கள் முக்கியமானவர்கள். சூலியா ஸ்திரீட் இன்றும் அந்தப் பெயரைத் தாங்கி நிற்கிறது. எவ்வளவு ஏற்றலாம், எப்போது நிறுத்தவேண்டும் என்பது அந்தத் தொழிலில் இருப்பவருக்கு முதல் பாடம்.

கடைசியில் 20 பேர் ஏறக்கூடிய இன்னொரு படகை எடுத்தோம். கூடுதல் செலவை நான்கு குடும்பங்களும் பகிர்ந்துகொண்டோம். பணத்தைக் கட்டும் முன் நான் நான்கு கேள்விகள் கேட்டேன். வணிக உரிமம் இருக்கிறதா? அதில் எத்தனை பேருக்கு அனுமதி? ஓட்டுபவரின் உரிமம் நடப்பில் உள்ளதா? சிறுபிள்ளைகளுக்கு ஏற்ற அளவில் உயிர்காப்பு அங்கி உண்டா? உரிமத்தின் படத்தை ஐந்து நிமிடத்தில் அனுப்பிவைத்தார்கள். ஒழுங்காகத் தொழில் செய்பவர்கள் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிப்பதில்லை.

வரும் விடுமுறையில் நீங்களும் படகு எடுப்பதாக இருந்தால் முதலில் உங்கள் வீட்டுத் தலைகளை எண்ணுங்கள், பிள்ளைகளையும் சேர்த்து. பிறகு படகைத் தேடுங்கள். “சமாளிச்சுக்கலாம்” என்று யாராவது சொன்னால், அடுத்த எண்ணுக்கு அழையுங்கள்.