படத்துக் கிளியும் இலைக் கிளியும்

ஒன்பது மாதக் குழந்தையின் முன்னால் ஒரு படப் புத்தகத்தை விரித்து வையுங்கள். தாளில் அச்சாகியிருக்கும் பால் புட்டியை விரலால் கிள்ளி எடுக்கப் பார்க்கும். தாளைத் தட்டும், தேய்க்கும். அமெரிக்க உளவியல் அறிஞர் ஜூடி டிலோச்சும் அவருடைய குழுவினரும் 1998இல் வெளியிட்ட ஆய்வில் இதைப் பதிவு செய்தார்கள். மேற்கு ஆப்பிரிக்கக் கிராமத்துக் குழந்தைகளும் இப்படியே செய்தன. பத்தொன்பது மாதம் ஆகும்போது பிடுங்கும் கை ஓய்ந்துவிடுகிறது, சுட்டுவிரல் நீள்கிறது. இது பொருள் இல்லை, பொருளைக் காட்டும் படம் என்பது குழந்தைக்குப் பிடிபட ஆரம்பித்துவிட்டது.

நமக்கு இது சாதாரணமாகத் தெரியலாம். ஆனால் பின்னால் வரப்போகும் படிப்புக்கெல்லாம் இதுதான் அடித்தளம். 'அ' என்ற கோடு ஒரு ஒலியைக் குறிக்கிறது, '3' என்ற வளைவு மூன்று பொருளைக் குறிக்கிறது என்று புரிந்துகொள்ளவும் இதே திறன்தான் வேண்டும்.

குழந்தை பார்க்கும் இத்தகைய படங்களை இந்தியாவுக்கே அச்சடித்துக் கொடுக்கும் ஊர் சிவகாசி. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் தேவைப்பட்டதால் வளர்ந்த அச்சுத் தொழில், இன்று காலண்டர், டைரி, நோட்டு, பாலர் படப் புத்தகம் என்று விரிந்திருக்கிறது. அங்கே ஆஃப்செட்டில் அச்சான கிளிப் படம் ஒன்றை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் பச்சை மையே இருக்காது. நெருங்கிக் கிடக்கும் நீலப் புள்ளிகளும் மஞ்சள் புள்ளிகளும்தான் தெரியும். அவற்றைப் பச்சையாகக் காண்பது நம் கண். அந்தப் பச்சையில் கிளியைக் காண்பது, குழந்தை கற்றுக்கொண்ட அறிவு.

சிவகாசியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் ஸ்ரீவில்லிபுத்தூர். அங்குள்ள கோயிலில் ஆண்டாள் கையில் இருக்கும் கிளியை நாள்தோறும் பச்சை இலைகளால் புதிதாகக் கட்டுகிறார்கள், மூக்குக்கு மாதுளம்பூ. புத்தகத்தில் கிளியைப் பார்த்த குழந்தையை அந்த இலைக் கிளியிடம் கூட்டிப் போங்கள். பிறகு வேப்ப மரத்தில் கத்தும் கிளியைக் காட்டுங்கள். வீட்டுக்கு வந்து இரண்டு இலையும் ஒரு சிவப்புப் பூவும் கொடுத்து, "நீ ஒரு கிளி செய்" என்று சொல்லுங்கள். தாள், இலை, உயிர் மூன்றும் வேறு வேறு. ஆனாலும் மூன்றும் கிளிதான் என்பதைக் குழந்தை தன் கையாலேயே கண்டுகொள்ளும்.

இழுத்தால் எழும்பும், திறந்தால் குதிக்கும் புத்தகங்கள்தான் இப்படிக் கையால் கற்பதற்கு உகந்தவை என்று தோன்றலாம். டிலோச்சும் சக ஆய்வாளர்களும் 2010இல் வெளியிட்ட ஆய்வு நேர்மாறாகச் சொல்கிறது. எழும்பும் படங்கள் உள்ள புத்தகத்தைவிடச் சாதாரணப் படப் புத்தகத்திலிருந்தே சிறு குழந்தைகள் நன்றாகக் கற்றன. இழுத்து விளையாடும்போது புத்தகமே பொம்மையாகிவிடுகிறது. அது காட்டும் பொருள் மறந்துபோகிறது. ஆகவே புத்தகம் எளிமையாக இருக்கட்டும். கைவேலை, புத்தகத்தை மூடிய பிறகு வரட்டும்.

படிக்கும் விதமும் முக்கியம். உளவியல் அறிஞர் குரோவர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், பெற்றோர் வெறுமனே வாசித்துக் காட்டாமல் "கோழி என்ன பண்ணுது?" என்பதுபோல் கேட்டு, குழந்தையின் பதிலை நீட்டிப் பேசினார்கள். ஒரே மாதத்தில் அந்தக் குழந்தைகள் பேச்சுத் திறனில் மற்றவர்களைவிடப் பல மாதங்கள் முன்னே போயிருந்தன.

காசு செலவில்லாமல் கைவேலை செய்ய வழி நிறைய உண்டு. கோழிக் கதை படித்தால், கம்பு மணிகளை எண்ணித் தெருக்கோழிக்குப் போடலாம். மழைக் கதை என்றால், கரிசல் மண்ணைப் பிசைந்து உருட்டலாம். பழக் கதை என்றால், அச்சகத்தில் வெட்டிக் கழித்த வண்ணத் தாளை நிறவாரியாகப் பிரித்து ஒட்டலாம். பழைய காலண்டரின் எண்களைக் கத்தரித்து, அத்தனை புளியங்கொட்டை வைக்கலாம். கொட்டை வாய்க்கோ மூக்குக்கோ போகாமல் பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். வெடிமருந்து பட்ட தாள், பட்டாசுக் குழாய், தீக்குச்சி எதுவும் குழந்தையின் கைக்கு வரவே கூடாது. பட்டாசு, தீப்பெட்டி ஆலை வேலைக்குப் போய் வந்தவர்கள் குளித்து உடை மாற்றிய பிறகே குழந்தையோடு உட்கார வேண்டும்.

களைத்து வரும் தாய்க்கு இதற்கெல்லாம் நேரம் ஏது என்ற கேள்வி நியாயமானது. அதனால்தான் பால்வாடிக்கு ஆள்பலம் வேண்டும். தமிழ்நாட்டில் 320 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டு நடந்த ஆய்வில், சிலவற்றில் கற்பிப்பதற்கென்றே கூடுதலாக ஓர் அரைநாள் பணியாளரை அமர்த்தினார்கள். அங்கே கற்பிக்கும் நேரம் இரு மடங்கானது. பதினெட்டு மாதங்களில் குழந்தைகளின் மொழித் திறனும் கணக்குத் திறனும் தெளிவாக உயர்ந்தன. குழந்தையோடு உட்கார ஒரு பெரியவருக்கு நேரம் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதுவே சான்று.

சிவகாசி அச்சக உரிமையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வெட்டிக் கழிக்கும் சுத்தமான தாளில் ஒரு கட்டையும், விற்காமல் தங்கிய படப் புத்தகங்களில் சிலவற்றையும் அருகிலுள்ள பால்வாடிக்குக் கொடுங்கள். பெற்றோருக்கு ஒரு சொல்: ஒரு புத்தகம், ஒரு கேள்வி, ஒரு கைவேலை. தினமும் கால் மணி நேரம் போதும். இன்று மாலையே தொடங்குங்கள்.