ஒரு வசனம், இரண்டு வேதாகமங்கள்



உங்கள் வீட்டு அலுமாரியில் பழைய தமிழ் வேதாகமம் இருக்கிறதா? பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கரிடம் 1995இல் வெளிவந்த திருவிவிலியம் இருக்கும். இரண்டிலும் யோவானின் முதலாம் நிருபம், ஐந்தாம் அதிகாரம், ஏழாம் வசனத்தைப் பிரித்துப் பாருங்கள். பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி ஆகிய மூவரும் ஒன்று என்று பழையது சொல்லும். புதியதில் அந்த வரி இராது.

ஏன்? பழமையான கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் அந்த வரி கிடையாது. லத்தீன் பிரதிகள் வழியே வந்து சேர்ந்தது. அறிஞர் எராஸ்மஸ் 1516இலும் 1519இலும் வெளியிட்ட கிரேக்கப் பதிப்புகளில் அதை விட்டுவிட்டார். எதிர்ப்புக் கிளம்பவே, 1522ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்த்தார்.

மூவரும் ஒரே கடவுள் என்னும் திரித்துவக் கோட்பாட்டுக்கு இந்த வரியை ஆதாரமாகக் காட்டுவதுண்டு. "திரித்துவம் என்ற சொல்லே வேதத்தில் இல்லையே" என்பார்கள் அக்கோட்பாட்டை மறுப்போர். "மூவரின் நாமத்தில் ஞானஸ்நானம் கொடுக்கச் சொல்லும் மத்தேயு 28:19 இருக்கிறதே" என்பார்கள் ஏற்போர். ஆக, அந்த ஒரு வரி போனாலும் வாதம் ஓயவில்லை. 325இல் கூடிய திருச்சபையின் நிசேயா சங்கமும் அந்த வரியை நம்பி நிற்கவில்லை.